இப்னு சீனாவின் இறுதி நோயும் குடல் தூய்மை மருத்துவமும்

தமிழில் ‘பேதி’ என்னும் சொல் மருந்தையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் காவிரிப் பாசனப் பகுதிகளில் உயிர்களைக் கொண்டுபோன காலராவை நம் முன்னோர் ‘வாந்திபேதி’ என்றனர். கோடை விடுமுறையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டியதையும் அவர்கள் ‘பேதிக்குக் கொடுப்பது’ என்றே சொன்னார்கள். உயிரைப் போக்குவதும் உடலைக் காப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. இரண்டிற்கும் இடையில் உள்ள எல்லை அளவைப் பொறுத்தது, அளவோ கொள்பவரின் வயதையும் வலிமையையும் பொறுத்தது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்த மக்கள் அவர்கள்.

இன்று திருவிடைமருதூர் வட்டாரத்தில் ஐம்பதைக் கடந்த ஒருவருக்கு மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, காரணமின்றி இரத்தச்சோகை கண்டாலோ, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ‘கொலனாஸ்கோப்பி’ செய்துகொள்ளும்படி மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். நுனியில் ஒளியும் காமிராவும் கொண்ட வளையும் குழாயால் பெருங்குடல் முழுவதையும் உள்ளிருந்து பார்க்கும் பரிசோதனை அது. மக்கள் குழாயை எண்ணி அஞ்சுவதைவிட, முதல்நாள் குடிக்க வேண்டிய மருந்தை எண்ணியே அதிகம் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை வெறும் பலவீனம் என்று தள்ளிவிட இயலாது. குடலை மருந்தால் கழுவும் கலைக்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அரபு மருத்துவத்தின் தலைமகன் ஒருவரின் மரணமும் பதிவாகியிருக்கிறது.

‘கொலன்’ என்பது பெருங்குடலுக்கான கிரேக்கப் பெயர். அச்சொல்லை அரபு மருத்துவர்கள் ‘கூலூன்’ என்று எடுத்தாண்டனர். அக்குடலில் எழும் கொடிய வலிக்கு அவர்கள் வழங்கிய ‘கூலன்ஜ்’ என்னும் பெயரும் அதே கிரேக்க வேரிலிருந்து வந்ததே. கும்பகோணத்து ஸ்கேன் மையத்தின் பெயர்ப்பலகையில் உள்ள சொல்லும் பாக்தாதின் பழைய ஏடுகளில் உள்ள சொல்லும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை.

குடல் இளக்கும் மருந்தைப் பற்றி ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்தி ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், மலம் இளக எதைப் பயன்படுத்துகிறீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ‘ஷுப்ரும்’ என்று அவர் விடையளித்தார். கள்ளியினத்தைச் சேர்ந்த, கடுமையாகக் கழியச்செய்யும் செடி அது. அதன் வெப்பத்தையும் கடுமையையும் நபியவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பின்னர் அவர் ‘சனா’வைப் பயன்படுத்தியதும், அதை நபியவர்கள் சிறப்பித்துச் சொன்னதும் திர்மிதி, இப்னு மாஜா ஆகியோரின் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. இமாம் திர்மிதி (ரஹ்) இவ்வறிவிப்பைக் ‘கரீப்’ என்னும் குறிப்புடனேயே பதிவு செய்கிறார். இன்று ‘நபிவழி மருத்துவம்’ என்ற பெயரில் சனாவைப் பொட்டலம் கட்டி, நாள்தோறும் அருந்தினால் உடல் இளைக்கும் என்று விற்பவர்கள் செய்தியின் பிற்பகுதியை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். கடுமையானதை விட்டு மென்மையானதற்கு மாறியது அதன் முற்பகுதியில் இருக்கிறது.

அந்தச் சனாவே தமிழில் நிலாவாரை எனப்படுகிறது. 9ஆம் நூற்றாண்டில் யூஹன்னா இப்னு மாசவைஹ் போன்ற மருத்துவர்களின் வழியே அது அரபு மருத்துவ நூல்களில் நிலைபெற்று, பின்னர் ஐரோப்பாவையும் சென்றடைந்தது. அதன் பயிர் நம் தென்மாவட்டங்களில் வேரூன்றிய பின்னர், தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகி, ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் விலை போனது. அதன் வினையாற்றலுக்குக் காரணமான சென்னோசைடு என்னும் பொருள்களை 20ஆம் நூற்றாண்டில் வேதியியலார் பிரித்தெடுத்தனர். இப்பொருள் சிறுகுடலில் பெரும்பாலும் மாறாமல் கடந்து சென்று, பெருங்குடலை அடைந்த பின்னரே அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டுச் செயல்படத் தொடங்குகிறது. இரவில் உண்டால் காலையில் வேலை செய்வதன் காரணம் இதுவே. ஷுப்ரும் போன்ற கள்ளியினப் பாலின் எரிச்சலோடு ஒப்பிட்டால் இதன் மென்மை விளங்கும்.

மருந்துகளைவிட முறைமையே முக்கியம் என்று கருதியவர் அஷ்ஷைகுர் ரயீஸ் அபூஅலீ இப்னு சீனா (கி.பி. 980–1037). அவருடைய ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலின் முதற் பாகத்தில் ‘இஸ்திஃப்ராக்’, அதாவது உடலிலிருந்து கழிவுகளை வெளியேற்றும் மருத்துவம், தனியாக ஆராயப்படுகிறது. ஒருவருக்குப் பேதி மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன் மருத்துவர் பத்துச் செய்திகளைக் கவனிக்க வேண்டும் என்கிறார் அவர். உடலின் நிறைவு, வலிமை, மிஸாஜ் என்னும் உடற்கூற்றுத் தன்மை, உடற்கட்டு, பருவகாலம், ஊரின் காற்று, அவர் செய்யும் தொழில், ஏற்கெனவே பேதி மருந்து உண்டு பழகியவரா இல்லையா என்பன அவற்றுள் அடங்கும். அந்தப் பத்தில் ஒன்று வயது. வளர்ச்சி நிறைவுறாத பிள்ளைப் பருவமும் உடல் வாடத் தொடங்கிவிட்ட முதுமையும் இம்மருத்துவத்திற்குத் தடையாக நிற்பவை என்பது அவர் முடிவு. தொழிலைக் கேட்கச் சொன்னதையும் நாம் கவனிக்க வேண்டும். நாளெல்லாம் வெயிலில் வியர்வை சிந்தும் உழைப்பாளியின் உடலில் கழிப்பதற்கு மிச்சம் இராது. நாற்று நடும் ஊர்களில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் வலியுறுத்தும் இன்னொரு கருத்தும் உண்டு. கழிக்க வேண்டியதை முற்றாகக் கழித்துவிட முயலக்கூடாது. நோயாளியின் வலிமை குன்றும்வரை போவதைவிடச் சிறிது மிச்சம் வைப்பது பாதுகாப்பானது. மிச்சத்தை உடலின் இயற்கை பார்த்துக்கொள்ளும். யூனானி மரபில் பின்னர் நிலைபெற்ற படிமுறையும் இதை ஒட்டியதே. முதலில் ‘முன்ளிஜ்’ என்னும் பக்குவப்படுத்தும் மருந்து சில நாள்கள். பிறகு ‘முஸ்ஹில்’ என்னும் பேதி மருந்து. அதன்பின் ‘தப்ரீத்’ என்னும் குளிர்ச்சியூட்டல். நம் வீடுகளில் பேதிக்கு உண்டவருக்கு மோரும் ரசஞ்சோறும் கொடுத்து ஓய்வெடுக்கச் செய்தது இந்த மூன்றாம் படியின் எளிய வடிவம்.

இப்னு சீனாவின் காலத்தவரான அந்தலூஸிய அறுவை மருத்துவர் அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் 30ஆம் பகுதியில் ‘ஹுக்னா’ எனப்படும் எனிமாவுக்குரிய கருவிகளைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். சிறுவர்களுக்கு உரிய கருவி சிறியதாக இருக்க வேண்டும் என்று அவர் குறிப்பது, ஆளுக்கேற்ற அளவு என்னும் கொள்கை கருவி செய்பவரின் பட்டறைவரை சென்றிருந்ததைக் காட்டுகிறது.

இவ்வளவும் அறிந்தவர் எவ்வாறு இறந்தார்? இப்னு சீனாவின் மாணவரும் இறுதிவரை உடனிருந்தவருமான அபூஉபைத் அல்ஜூஸ்ஜானி எழுதிய வரலாறு இதற்கு விடை தருகிறது. ஆசிரியரின் புகழுக்காக எதையும் மறைக்காத எழுத்து அது. ஃபர்தஜான் கோட்டையில் சிறைப்பட்டிருந்த நாள்களில் இப்னு சீனா எழுதிய நூல்களில் ஒன்று கூலன்ஜ் நோயைப் பற்றியது. ஆண்டுகள் சில கழிந்து அந்நோயே அவரைப் பிடித்தது. அப்போது அவர் இஸ்ஃபஹானின் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவின் படையோடு போர்க்களத்தில் இருந்தார். படை தோற்றுப் பின்வாங்க நேர்ந்தால் நோயோடு பயணம் செய்ய இயலாதே என்ற பதற்றத்தில், விரைவில் குணமாக விரும்பி, ஒரே நாளில் எட்டு முறை எனிமா வைத்துக்கொண்டார். குடலில் புண் ஏற்பட்டது.

அதன்பிறகும் அவர் நிறுத்தவில்லை. வாயுவை அடக்குவதற்காக, எனிமா மருந்தில் இரண்டு தானிக் அளவு கரஃப்ஸ் விதை சேர்க்கும்படி ஒருநாள் பணித்தார். ஓமக் குடும்பத்தைச் சேர்ந்த விதை அது. உடனிருந்த மருத்துவர்களில் ஒருவர் ஐந்து திர்ஹம் அளவு சேர்த்துவிட்டார். ஒரு திர்ஹமுக்கு ஆறு தானிக். ஆகவே சேர்ந்தது, சொன்ன அளவைப்போல் பதினைந்து மடங்கு. அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, தவறுதலா என்று தமக்குத் தெரியாது, தாம் அப்போது அங்கே இல்லை என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். விதையின் காரத்தால் புண் மேலும் பெருகியது. சிறிது தேறுவதும், கவனக்குறைவால் மீண்டும் விழுவதுமாக நாள்கள் கழிந்தன. ஹமதானை அடைந்தபோது, நோயை எதிர்க்கும் வலிமை தம் உடலில் மிச்சமில்லை என்பதை அவரே உணர்ந்து மருத்துவத்தைக் கைவிட்டார். ஹிஜ்ரி 428, ரமளான் மாதத்தில் அவர் உயிர் பிரிந்தது. சந்திரக் கணக்கில் அவருக்கு வயது 58.

இச்செய்தியைக் கொண்டு இப்னு சீனாவை எள்ளுவோர் அக்காலத்திலேயே இருந்தனர். என் நோக்கில் இதில் எள்ளுவதற்கு ஒன்றுமில்லை. பிறர் உடலைப் பார்க்கும்போது பத்துச் செய்திகளையும் எண்ணிப் பார்க்கும் மருத்துவர், தம் உடல் என்று வரும்போது அவசரத்தை மட்டுமே பார்த்தார். வலிமை, வயது, மிச்சம் வைத்தல் ஆகிய மூன்றும் அவர் எழுதியவையே. மூன்றையும் அவர் தமக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

இந்த அறிவு மரபு தஞ்சைச் சீமைக்கு வந்து சேர்ந்ததற்குத் தெளிவான சான்று இரண்டாம் சரபோஜி மன்னரின் (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால். சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கும் ஒரே நிறுவனத்தில் ஆராயப்பட்டன. அங்கே பயன்கண்ட முறைகள் தமிழில் செய்யுளாக்கப்பட்டன. பின்னாளில் சரசுவதி மகால் நூலகம் அவற்றைச் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் நோய்வாரியாக வெளியிட்டது. சரபோஜிக்காக அரியணையிலிருந்து இறக்கப்பட்ட அமரசிம்மர் எஞ்சிய நாள்களைக் கழித்து 1802இல் மறைந்தது திருவிடைமருதூரில்தான் என்பதை இவ்வூரார் பலர் அறியார்.

மேற்சொன்ன மரபுகள் அனைத்திலும், சித்தர் மரபு உட்பட, பேதியின் நோக்கம் கெட்டதை வெளியேற்றுவது. தேரையர் பெயரால் வழங்கும் விதி நான்கு மாதத்திற்கு ஒருமுறை பேதிக்கு உண்ணச் சொல்வதும் அந்த நோக்கத்தில்தான். குடல் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும் என்ற தேவை எவருக்கும் இருக்கவில்லை. உள்ளே பார்க்கும் கருவி வந்தபின்னரே அத்தேவை பிறந்தது. நியூயார்க்கில் 1969இல் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் மருத்துவர்கள், வளையும் குழாய் வழியாகவே பெருங்குடலின் கட்டிகளை அறுவையின்றி அகற்றத் தொடங்கினார்கள். புற்றாக மாறக்கூடிய சிறு கட்டியை முன்கூட்டியே அகற்றிவிடலாம் என்றானது. ஆனால் தட்டையான சிறு கட்டி ஒன்று மலத்தின் மெல்லிய படலத்தின் கீழே மறைந்துவிட்டால் பரிசோதனை வீண். மிச்சம் வை என்ற இப்னு சீனாவின் விதி இங்கே பொருந்தாது. மிச்சம் வைக்காமல் கழுவ வேண்டும், நோயாளியின் வலிமையும் குன்றக்கூடாது. இது மருத்துவத்திற்குப் புதிய சிக்கல்.

தீர்வு எளிதில் கிட்டவில்லை. 1970களில் உப்புநீரைப் பல லிட்டர் அளவில் மூக்குக் குழாய் வழியே செலுத்திப் பார்த்தார்கள். அந்நீரில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொண்டு வீங்கியது. மானிட்டால் என்னும் சர்க்கரை வகையைக் கொடுத்தார்கள். குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கின. கட்டியை அகற்ற மின்சாரம் பாய்ச்சியபோது குடலுக்குள் வெடிப்பு ஏற்பட்டு நோயாளி இறந்த நிகழ்வு 1979இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

அதற்கு அடுத்த ஆண்டில், 1980இல், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஜான் ஃபோர்ட்ரானும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கரைசலே இன்றுவரை அடிப்படையாக நிற்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொடி குடலால் உறிஞ்சப்படுவதில்லை. தண்ணீரைத் தன்னிடம் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அதோடு சேர்க்கப்பட்ட உப்புகள், உடல் தன் உப்பை இழக்கவும் கரைசலின் உப்பை அதிகம் உறிஞ்சவும் இடந்தராத அளவில் அமைக்கப்பட்டன. இதன் பின்னணியில் காலரா ஆராய்ச்சியும் நிற்கிறது. குளுக்கோஸ் உடனிருந்தால் குடல் சோடியத்தையும் தண்ணீரையும் உறிஞ்சும் என்ற உண்மையைக் கொண்டு 1960களின் இறுதியில் டாக்காவில் உப்பு–சர்க்கரைக் கரைசல் நிறுவப்பட்டது. 1971இல் வங்காள அகதி முகாம்களில் திலீப் மகலனாபிஸ் அதைக் கொண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தார். குடல் கழுவும் கரைசல் அதே அறிவின் மறுபுறம். அதில் குளுக்கோஸ் இல்லை. சோடியமும் பெரும்பகுதி சல்ஃபேட்டாகவே சேர்க்கப்பட்டது. எனவே, குடிக்க எளிதாகட்டும் என்று வீட்டில் சர்க்கரை கலப்பது அம்மருந்தின் அமைப்பையே கெடுப்பதாகும்.

வயதின் கணக்கு மீண்டும் குறுக்கிட்டது சோடியம் ஃபாஸ்ஃபேட் மருந்தின் கதையில்தான். நான்கு லிட்டர் குடிக்கத் தயங்கியவர்களுக்காகச் சிறு அளவில் குடிக்கும் அந்த மருந்து பரவலாயிற்று. குடலை நன்றாகவே கழுவியது. ஆனால் சிலருக்கு நாள்கள் கழித்துச் சிறுநீரகம் செயலிழந்தது. சிறுநீரக நாளங்களில் கால்சியம் ஃபாஸ்ஃபேட் படிந்திருந்தது கண்டறியப்பட்டது. 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடும் எச்சரிக்கை வெளியிட்டது. ஆபத்து மிக்கவர்கள் பட்டியலில் சிறுநீரக நோயாளிகள், நீர்ச்சத்து குறைந்தவர்கள், சிலவகை இரத்த அழுத்த மாத்திரை உண்போர் ஆகியோருடன் 55 வயதைக் கடந்தவர்களும் இடம்பெற்றார்கள். இப்னு சீனா இறந்த வயதுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது அந்த எண்.

இளையவருக்கும் முதியவருக்கும் இம்மருத்துவத்தில் உள்ள வேறுபாடு என்ன? முப்பதிலும் நாற்பதிலும் இருப்பவருக்கு உடல் பெரும்பாலும் தாங்கும். குமட்டல் வரும்; மருந்தின் இரண்டாம் பாதியைக் குடிக்காமல் விட்டுவிடுவதே அவர்களிடம் காணப்படும் குறை. எழுபதைக் கடந்தவரிடம் நிலைமை வேறு. குடலின் அசைவு மந்தப்பட்டிருக்கும். மலச்சிக்கலும் நீரிழிவும் சேர்ந்திருக்கும். ஆகவே அதே மருந்து அவருக்குக் குறைவாகவே கழுவும். அதே நேரத்தில் தாக உணர்வு குறைந்திருப்பதால் இழந்த நீரைக் கேட்டுக் குடிக்க மாட்டார். இரத்தத்தில் சோடியம் குறைவதும், இரவில் கழிப்பறைக்கு விரையும்போது தலைசுற்றி விழுவதும் இவ்வயதினர்க்கே நேர்பவை. கூடுதலாகக் கழுவ வேண்டிய குடலும் குறைவாகத் தாங்கும் உடலும் ஒருவரிடமே அமைந்துவிடுகின்றன.

என் பெரியத்தாவுக்கு 78ஆவது வயதில் இப்பரிசோதனை எழுதப்பட்டது. கையில் கொடுத்த அச்சிட்ட தாளில் எல்லோருக்கும் ஒரே வாசகம். அவர் இரண்டு லிட்டரையும் இஷாவுக்குப் பின் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். வழக்கமான நீர் மாத்திரையையும் விடவில்லை. ஃபஜ்ருக்கு ஒளுச் செய்ய எழுந்தவர் வாசற்படியில் விழுந்தார். இடுப்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. வயது என்ன, சிறுநீரகம் எப்படி, என்னென்ன மாத்திரை என்ற மூன்று கேள்விகளுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. இப்னு சீனாவின் பத்தில் மூன்று கூட வேண்டாம், ஒன்றாவது இருந்திருக்கலாம்.

ஒரே இரவில் முழுவதையும் குடிக்கும் முறையை இன்றைய நெறிமுறைகள் கைவிட்டுவிட்டன. பாதியை முதல்நாள் மாலையிலும், மறுபாதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு முன் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரத்திற்கு முன் முடித்துவிடுவதாகவும் குடிப்பதே எல்லா வயதினர்க்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இதனால் குடல் கூடுதலாகத் தெளிவதோடு உடலும் எளிதாகத் தாங்குகிறது. காலைப் பரிசோதனை என்றால் மூன்று, நான்கு மணிக்கு எழ வேண்டும். தஹஜ்ஜுதுக்கு எழும் வழக்கமுள்ளோர்க்கு இது பெரிதல்ல. முதல்நாள் உணவில் கீரை, விதையுள்ள காய்கள், முழுத் தானியம் ஆகியவற்றை விட்டு, வெள்ளைச் சோறு போன்ற சக்கை குறைந்தவற்றைக் கொள்ளலாம். இடையில் தெளிந்த நீராகாரங்களைப் பருகலாம். ரூஹ் அஃப்சா போன்ற சிவப்புச் சர்பத் மட்டும் ஆகாது. உள்ளே பார்ப்பவருக்கு அது இரத்தமாகத் தோன்றக்கூடும்.

வயதின் இரு எல்லைகள் இப்போதைய பரிந்துரைகளிலும் உள்ளன. நோய்க்குறி ஏதும் இல்லாதோர்க்கான பெருங்குடற் புற்றுப் பரிசோதனையை, அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2021இல் 50இலிருந்து 45ஆம் வயதிற்கு முன்னகர்த்தியது. 76 முதல் 85 வரை ஒவ்வொருவரின் உடல்நிலையைப் பொறுத்து முடிவெடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது அதன் நிலை. இந்தியாவில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய புற்றுகளுக்கே அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டம் உள்ளது. ஆகவே இங்கே பெரும்பாலோர் நோய்க்குறி தென்பட்ட பின்னரே இப்பரிசோதனைக்குப் போகிறார்கள். அத்தகையவரிடம், வயதைக் காட்டி வேண்டாம் என்று சொல்லவும் இயலாது.

ரமளானில் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குழாய் நோன்பை முறிக்குமா என்ற ஆய்வுக்குள் புகவே தேவையில்லை. பகலில் ஒரு லிட்டர் மருந்து குடிப்பவருக்கு நோன்பு ஏது? அவசரமானால், நோயாளிக்கு அல்பகரா அத்தியாயம் 184ஆம் வசனம் வழங்கும் சலுகை இருக்கிறது. பின்னர் களாச் செய்துகொள்ளலாம். அவசரமற்றதை ஷவ்வாலுக்குத் தள்ளிவைப்பது நல்லது. முதியோர் பலர் இதற்கு நேர்மாறாக, பகலெல்லாம் நோன்பிருந்து, இஃப்தாருக்குப் பின் மருந்தைத் தொடங்கி இரண்டையும் காப்பாற்ற முயல்கிறார்கள். பதின்மூன்று மணி நேரம் தண்ணீரின்றி இருந்த எழுபது வயது உடலில் அந்த மருந்து இறங்குகிறது.

இன்னொரு வழக்கமும் நம் கடைத்தெருவில் உண்டு. மகனுக்கு எழுதிய சீட்டைக் காட்டித் தந்தைக்கும் அதே பொட்டலத்தை வாங்குவது. பொட்டலம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் தந்தைக்கு முதலில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். நீர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றை அந்த இரு நாள்களில் எப்படிக் கொள்வது என்று அவருடைய மருத்துவரே எழுதித் தர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உண்பவரானால் அதைச் சில நாள்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இரவில் கழிப்பறைவரை விளக்கெரிய, கைபிடிக்க ஒருவர் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்.